கணினியில் தொகுத்த படத்தை மினி டீவீ கசெட்டில் திரும்பப் பதிதல்: கோளாறுகளும் அவற்றைத் தீர்க்கும் முறைகளும்

திருகோணமலையில் கோணேசர் நகர்வலத்தையும் பத்திரகாளி அம்மன் கோயில் தேரையும் உறவினர் திருமணங்களையும் மினி டீவீ கமராவில் (இங்கே 'டீவீ' என்பது தொலைக்காட்சியல்ல, டிஜிட்டல் வீடியோ) எடுத்தவர்கள் பலர், அந்தக் கசெட்டுகளை இன்றும் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கணினியில் ஏற்றி, வேண்டாத பகுதிகளை வெட்டி, தலைப்பும் இசையும் சேர்த்த பின்னர், தொகுத்து முடித்த படத்தை மறுபடியும் ஒரு கசெட்டில் பதிந்து மூலக் கசெட்டுகளோடு வைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயமானது. வன்தட்டு ஒரே நாளில், எந்த அறிகுறியும் காட்டாமல், அதிலுள்ள அனைத்தையும் கொண்டுபோய்விடக் கூடியது. கசெட் பழுதடைந்தாலும் பெரும்பாலும் ஆங்காங்கே சில விநாடிகளே போகும். அத்தோடு, டீவீ வடிவில் ஏற்றிய படத்தில் வெட்டி ஒட்டியதைத் தவிர வேறு மாற்றம் செய்யாத பகுதிகள், திரும்பப் பதியும்போது தரம் சிறிதும் குறையாமல் அதே எண்தரவாகவே கசெட்டுக்குப் போகின்றன.

ஆனால் கணினிக்கு ஏற்றும்போது ஒழுங்காக நடந்த வேலை, திரும்பப் பதியும்போது பல இடங்களில் தடைப்படும். எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கமராவின் சிறுதிரை. கமராவைப் பதிவு இயந்திர நிலையில் ('வீ.சி.ஆர்.' அல்லது 'பிளே') வைத்து, கணினியில் படத்தை ஓடவிடுங்கள். கசெட் ஓடாமல் நிற்கும்போதே படம் சிறுதிரையில் தெரிந்தால் கணினி, மென்பொருள், வயர் ஆகிய மூன்றும் படத்தைக் கமரா வரை கொண்டுவருகின்றன. பதிவு தொடங்கவில்லையென்றால், தவறு பெரும்பாலும் கமராவிலோ கசெட்டிலோ இருக்கிறது. சிறுதிரையில் படம் வரவில்லையென்றால் கசெட்டை மாற்றுவதாலோ ஹெட்டை (நாடாவில் படத்தை எழுதும், வாசிக்கும் பகுதியை) துடைப்பதாலோ பயனில்லை; தவறு அதற்கு முன்னாலேயே இருக்கிறது. இந்த ஒரு பார்வை பாதி வேலையைக் குறைத்துவிடும். சில மென்பொருள்கள் ஏற்றுமதியை ('எக்ஸ்போர்ட்') தொடங்கும்போது மட்டுமே படத்தை வெளியே அனுப்புகின்றன என்பதால், அப்படியானவற்றில் ஏற்றுமதியைத் தொடங்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

கணினி கமராவைக் கண்டுகொள்ளவே இல்லை

மினி டீவீ கமராவுக்குப் படத்தைத் திரும்ப அனுப்புவதற்கு உரிய வழி பயர்வயர் ஆகும். சோனி இதனை ஐ-லிங்க் என்று அழைக்கிறது, ஐ.ஈ.ஈ.ஈ. 1394 என்பதும் இதுவே. கமராவில் யூ.எஸ்.பி. துளை இருந்தாலும், பெரும்பாலான மாதிரிகளில் அது நிழற்படங்களை எடுப்பதற்கும் குறைந்த தரத்தில் படம் காட்டுவதற்குமே உதவும். கசெட்டில் பதிவதற்கு உதவாது. ஒரு முனையில் யூ.எஸ்.பி.யும் மறு முனையில் நான்கு ஊசிப் பயர்வயரும் கொண்ட மலிவான வயர்கள் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டும் முற்றிலும் வேறுபட்ட முறைகளில் தரவை அனுப்புபவை. இடையில் அவற்றை மாற்றித் தரும் மின்னணுச் சுற்று எதுவும் அந்த வயரில் இல்லை. எனவே அதை வாங்குவது பணத்தை வீணாக்குவதே. மேசைக் கணினியானால் பயர்வயர் அட்டை ஒன்றைப் பொருத்துவதும், மடிக்கணினியானால் பயர்வயர் துளையுள்ள பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடிப்பதும் சரியான வழி.

வயரைச் செருகும் முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே ஏற்படும் சேதத்தைச் சரிசெய்ய முடிவதில்லை. மேசைக் கணினிப் பக்கத்து ஆறு ஊசிப் பிளக்கில் தரவோடு மின்னழுத்தமும் வருகிறது. அந்தப் பிளக்கின் ஒரு முனை கூர்ந்திருக்கும். துளையும் அதற்கேற்றபடியே இருக்கும். ஆனாலும் கணினியின் பின்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை நுழைத்து அழுத்துபவர்கள் அதைத் தலைகீழாகவும் செருகிவிடுகிறார்கள். துளை தேய்ந்திருந்தால் அது உள்ளேயும் போய்விடுகிறது. அப்போது தரவு செல்ல வேண்டிய கம்பிகளில் மின்னழுத்தம் பாய்ந்து, கமராவின் டீவீ சுற்று எரிந்துவிடும். கமரா அதன் பின்னரும் படம் எடுக்கும், கசெட்டை ஓட்டும். கணினியுடன் மட்டும் ஒருபோதும் பேசாது. ஆகவே கமராவை நிறுத்திவிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் துளையின் வடிவத்தைப் பார்த்து, முதலில் கணினிப் பக்கத்தையும் பிறகு கமராப் பக்கத்தையும் செருகி, அதன் பின்னரே கமராவை இயக்குங்கள். வயர் 4.5 மீற்றருக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது.

கடற்காற்று நேரடியாக வீசும் வீடுகளில், கமராவின் நான்கு ஊசித் துளையில் பச்சை நிறப் படிவு தோன்றுவதைக் காணலாம். மின் தொடுகைகளைத் துடைப்பதற்கான திரவத்தைப் பிளக்கில் மிகக் குறைவாகத் தடவி, சில முறை செருகி எடுத்து, நன்றாகக் காய்ந்த பின்னர் முயன்று பாருங்கள். துளைக்குள் ஊசியையோ குண்டூசியையோ விடாதீர்கள்.

வயர் சரியாக இருந்தும் விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்திய கணினி கமராவைக் காணவில்லையென்றால், பயர்வயர் அட்டையின் டிரைவரை (அட்டையை இயக்கும் மென்பொருளை) கவனியுங்கள். டிவைஸ் மனேஜரில் 1394 கட்டுப்படுத்தியின் டிரைவரைக் கையால் தெரிவு செய்யும் வழியில் சென்று, பெயரில் 'லெகசி' என்ற சொல் உள்ள ஓ.எச்.சி.ஐ. டிரைவருக்கு மாற்றினால் பல கமராக்கள் உடனே தென்படும். விண்டோஸ் 7இல் அது ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த பதிப்புகளில் தனியாக நிறுவ வேண்டும்.

கமரா தெரிகிறது, கசெட்டையும் ஓட்ட முடிகிறது, பதிவு மட்டும் தொடங்கவில்லை

முதலில் கசெட்டை வெளியே எடுத்து அதன் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். அங்குள்ள சிறிய தள்ளுகட்டை 'சேவ்' என்ற பக்கம் இருந்தால் பதிவு நடக்காது. 'ரெக்' பக்கம் தள்ளுங்கள். அடுத்து, கமரா படமெடுக்கும் நிலையில் அல்லாமல், 'வீ.சி.ஆர்.' அல்லது 'பிளே' என்று குறிக்கப்பட்ட நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் பதிவு தொடங்கவில்லையென்றால், பயர்வயர் துளையின் அருகில் அச்சிடப்பட்டிருக்கும் எழுத்தை வாசியுங்கள். 'டீவீ இன்/அவுட்' என்றிருந்தால் கமரா படத்தை உள்ளேயும் வாங்கும். வெறுமனே 'டீவீ அவுட்' என்றிருந்தால், அந்தக் கமராவால் வெளியே அனுப்ப மட்டுமே முடியும். ஐரோப்பாவுக்கென்று தயாரான பல மாதிரிகள் இத்தகையவை. வெளியிலிருந்து வரும் படத்தைப் பதியக் கூடிய கமராவுக்கு அங்கே வீடியோ பதிவு இயந்திரத்துக்குரிய கூடுதல் சுங்கத் தீர்வை விதிக்கப்பட்டதால், தயாரிப்பாளர்கள் உள்வாங்கும் வசதியை முடக்கியே விற்றார்கள். நம் ஊரிலுள்ள கமராக்களில் கணிசமானவை வெளிநாட்டு உறவினர்கள் கொண்டுவந்தோ அனுப்பியோ வந்தவை என்பதால், இந்தக் காரணத்தைக் கடைசியில் அல்ல, தொடக்கத்திலேயே சோதிப்பது நல்லது. அந்த வசதியைத் திறந்து தருவதாகச் சொல்லும் மென்பொருள்களும் கருவிகளும் உண்டு. ஆனால் அவை கமராவின் உள் நினைவகத்தில் எழுதுபவை. வேறு கமராவை இரவல் வாங்க வழி இருக்கும்போது, பழைய கசெட்டுகளை ஓட்டுவதற்கு இருக்கும் ஒரே கமராவில் அதைச் செய்து பார்க்க நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

மென்பொருளிலேயே அந்த வசதி இல்லாமலும் இருக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த மூவி மேக்கர் டீவீ கமராவுக்குப் படத்தை அனுப்பும். விண்டோஸ் 7 காலத்து லைவ் மூவி மேக்கரில் அது நீக்கப்பட்டது. ஆப்பிள் கணினிகளில் ஐமூவி எச்.டி. வரை இருந்த வசதி ஐமூவி 08இல் இல்லை. ஃபைனல் கட் புரோ 7 கசெட்டுக்கு எழுதும், அதற்குப் பின் வந்த ஃபைனல் கட் புரோ எக்ஸ் எழுதாது. அடோபி பிரீமியர் புரோவில் ஏற்றுமதிப் பட்டியலில் 'டேப்' என்ற தெரிவைத் தேடுங்கள். டீவீ வடிவில் ஏ.வி.ஐ. கோப்பு ஒன்று தயாராக இருக்கிறது, அதைக் கசெட்டில் ஏற்றினால் மட்டும் போதும் என்பவர்களுக்கு, விண்டோஸில் இயங்கும் 'வின்டீவீ' என்ற சிறிய இலவச மென்பொருளே போதுமானது. பெரிய மென்பொருள்கள் முரண்டு பிடிக்கும் கணினியிலும் அது ஒழுங்காக வேலை செய்கிறது.

சிறுதிரையில் படம் ஓடுகிறது, மென்பொருள் தரும் பதிவுக் கட்டளையைத்தான் கமரா ஏற்கவில்லை என்றால், கையால் பதியலாம். பல சோனி கமராக்களில் பதிவுப் பொத்தானையும் அதன் பக்கத்துப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் பதிவு தொடங்கும். கசெட் ஓடத் தொடங்கிய பின்னர் கணினியில் படத்தை ஓட்டுங்கள்.

பதிவு நடக்கிறது, ஆனால் கசெட்டில் நீலத் திரையோ வெறுமையோதான் இருக்கிறது

இலங்கையில் பயன்படுவது 'பால்' (பி.ஏ.எல்.) என்ற தொலைக்காட்சி முறை: விநாடிக்கு 25 சட்டங்கள் (தனித்தனிப் படங்கள்), ஒவ்வொரு சட்டமும் 720க்கு 576 புள்ளிகள். கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த கமரா என்.டி.எஸ்.சி. முறையில், விநாடிக்கு 29.97 சட்டங்களும் 720க்கு 480 புள்ளிகளும் கொண்டு பதியும். பால் முறையில் தொகுத்த படத்தை அதற்கு அனுப்பினால் கமரா ஏற்காது. மென்பொருளில் புதிய வேலையைத் தொடங்கும்போதே 'டீவீ பால்' என்று தெரிவு செய்திருக்க வேண்டும். தொகுத்து முடித்த பின்னர் மாற்றுவது படத்தின் தரத்தைக் கெடுக்கும்.

எச்.டீ.வீ. கமராவாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. அது ஒரே கசெட்டில் சாதாரண டீவீயையும் உயர்தர எச்.டீ.வீ.யையும் பதியக் கூடியது. கமராவின் மெனுவில் எந்த வடிவம் தெரிவாகியிருக்கிறதோ அதே வடிவில்தான் கணினியும் அனுப்ப வேண்டும். அந்தத் தெரிவைத் தானியங்கி நிலையில் விடாமல், டீவீ அல்லது எச்.டீ.வீ. என்று நீங்களே நிலைப்படுத்துங்கள். பயர்வயரைக் கழற்றிவிட்டு மாற்றி, பிறகு செருகுங்கள். எச்.டீ.வீ.யாக அனுப்புவதற்கு மென்பொருள் முழுப் படத்தையும் முதலில் எம்பெக்-2 என்ற சுருக்கிய வடிவில் மறுபடி உருவாக்க வேண்டியிருப்பதால், பழைய கணினியில் அது மிக நீண்ட நேரம் எடுக்கும். கணினி உறைந்துவிட்டது என்று நினைத்து நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

பதிவு இடையில் அறுகிறது, நிற்கிறது, அல்லது ஆங்காங்கே தவ்வுகிறது

கமரா கசெட்டில் எழுதத் தொடங்கிவிட்டால், கணினிக்காக ஒரு கணமும் காத்திருக்காது. டீவீ தரவு விநாடிக்குச் சுமார் 3.6 மெகாபைட் வேகத்தில், மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட்டாக, ஒரே சீராக வந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த வேகம் இன்றைய வன்தட்டுக்குச் சிறிதே. ஆயினும் வைரஸ் தடுப்பு மென்பொருள் திடீரென்று வன்தட்டை அலசத் தொடங்கினாலோ, திரைக்காப்பு விழித்துக்கொண்டாலோ, மின் சேமிப்பு முறை வன்தட்டை உறங்க வைத்தாலோ, அந்த ஒரு கணத்தில் சட்டங்கள் விடுபட்டுப் போகும். பதியும் நேரத்தில் இணையத்தைத் துண்டித்து, இவை அனைத்தையும் நிறுத்தி வையுங்கள். படக் கோப்பு பழைய யூ.எஸ்.பி. 1.1 துளையில் செருகிய வெளி வன்தட்டில் இருந்தால் அந்த வேகம் போதவே போதாது. கோப்பைக் கணினிக்குள் நகலெடுங்கள். எக்ஸ்பி கணினிகளில், வன்தட்டு வாசிப்பில் பிழைகள் திரும்பத் திரும்ப வந்தால், விண்டோஸ் தானாகவே வேகமான டி.எம்.ஏ. முறையிலிருந்து மெதுவான பி.ஐ.ஓ. முறைக்கு இறங்கிவிடும். முன்பு ஒழுங்காகப் பதிந்துகொண்டிருந்த கணினி, காரணமின்றித் தடுமாறத் தொடங்கினால் இதைச் சந்தேகியுங்கள்.

எப்போது பதிந்தாலும் பத்தொன்பது, இருபது நிமிடத்துக்கு அண்மையில் நிற்கிறது என்றால், அது கமராவின் குற்றமல்ல. எஃப்.ஏ.டி.32 முறையில் அமைந்த வன்தட்டில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. டீவீ படம் அந்த அளவை எட்டுவது ஏறத்தாழ அந்த நிமிடத்தில்தான். வன்தட்டை என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றினால் தீர்ந்துவிடும்.

தலைப்பும் படமாற்ற விளைவும் வரும் இடங்களில் மட்டும் தவ்வினால், மென்பொருள் அவற்றை அந்தந்தக் கணத்தில் கணக்கிட்டு அனுப்ப முயன்று திணறுகிறது என்பதே பொருள். முழுப் படத்தையும் ஒரே டீவீ ஏ.வி.ஐ. கோப்பாக முன்கூட்டியே உருவாக்கி, அந்தக் கோப்பை மட்டும் கசெட்டுக்கு அனுப்புங்கள். என் பார்வையில், சிறிய வேலையானாலும் எப்போதும் இப்படிச் செய்வதே பாதுகாப்பானது.

கமராவை மின்கலத்தில் ஓட்டாதீர்கள். மின்கலத்தில் இருக்கும்போது, கசெட்டுடன் சும்மா நிற்கும் கமரா சில நிமிடங்களில் தானாகவே அணைந்துவிடும். நீங்கள் கணினியில் ஆயத்தம் செய்து முடிப்பதற்குள் அது உறங்கியிருக்கும். சுவர் மின்சாரத்தில் ஓட்டுங்கள். மாரி காலத்தில் கரண்ட் நின்று நின்று வரும் நாட்களில் கணினியும் கமராவும் இரண்டுமே யூ.பி.எஸ். ஒன்றின் மேல் இருக்க வேண்டும். பதிவு நடுவில் அறுந்தால், அந்த இடத்திலிருந்து ஒட்டிப் பதிய முயல வேண்டாம். நேரக்குறியீடு (நாடாவில் ஒவ்வொரு சட்டத்தின் நேரத்தையும் குறிக்கும் எண்) துண்டுபடும், ஒட்டிய இடத்தில் படம் குலுங்கும். கசெட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, முதலிலிருந்து பதியுங்கள்.

படத்தின் முதல் ஒன்றிரண்டு விநாடிகள் வெட்டுப்படுகின்றன என்பதும் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. கமராவில் ஹெட்டுகள் பொருந்திய உருளை சுழன்று, நாடா வேகம் பிடிக்கச் சிறிது நேரம் ஆகும். படத்தின் தொடக்கத்தில் 15 விநாடியும் முடிவில் 10 விநாடியும் கறுப்புத் திரை சேர்த்துவிட்டால் போதும்.

படம் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் அசைவு நடுங்குகிறது

கணினித் திரையில் அழகாகத் தெரிந்த படம், கசெட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்க்கும்போது, பக்கவாட்டில் அசையும் எல்லாவற்றிலும் நடுங்குகிறது: தேர் திரையின் குறுக்கே போகும்போது முன்னும் பின்னும் துடிக்கிறது, வடம் பிடிப்பவர்களின் கைகள் இரட்டை இரட்டையாகத் தெரிகின்றன, தேர் நின்றதும் படம் தெளிவாகிவிடுகிறது. இந்த அறிகுறியைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம். புலங்களின் வரிசை தலைகீழாகியிருக்கிறது. டீவீயின் ஒவ்வொரு சட்டமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு புலங்களாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக விநாடிக்கு ஐம்பது வீதம் வருகிறது. டீவீயில் கீழ்ப் புலமே முதலில் வர வேண்டும். வேறு வடிவங்கள் பலவற்றில் மேற்புலம் முதலில் வரும். வேலையின் அமைப்பிலோ ஏற்றுமதி அமைப்பிலோ 'அப்பர் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்' என்றிருந்தால் 'லோவர்' என்று மாற்றி, கோப்பை மறுபடி உருவாக்குங்கள். கணினித் திரை இரண்டு புலங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவதால் இந்தத் தவறு அங்கே வெளிப்படுவதில்லை. முழுப் படத்தையும் பதிவதற்கு முன்னர், அசைவு மிகுந்த ஒரு நிமிடத்தை மட்டும் பதிந்து, பழைய குழாய்த் தொலைக்காட்சி ஒன்றில் பாருங்கள்.

கைத்தொலைபேசியில் எடுத்த துண்டுகளை இடையில் சேர்த்திருந்தால், அந்த இடங்களில் மட்டும் சீரான இடைவெளியில் ஒரு தயக்கம் தெரியும். தொலைபேசிகள் பெரும்பாலும் விநாடிக்கு 30 சட்டங்கள் எடுப்பதே காரணம். அதை முழுமையாக நீக்க முடியாது. தொகுப்பதற்கு முன்னரே அந்தத் துண்டுகளை நிலையான 25 சட்டங்களுக்கு மாற்றிக்கொண்டால் குறையும்.

ஒலி இல்லை, அல்லது ஒலியும் படமும் விலகிப் போகின்றன

மினி டீவீ கமராக்கள் பெரும்பாலும் இரண்டு வகை ஒலியையே பதியும்: 48 கிலோஹேர்ட்ஸ் 16 பிட், அல்லது 32 கிலோஹேர்ட்ஸ் 12 பிட். இசைத்தட்டிலிருந்து எடுத்த நாதஸ்வரம் 44.1 கிலோஹேர்ட்ஸில் இருக்கும்; மென்பொருள் அதை மாற்றாமல் அனுப்பினால் சொடுக்கும் சத்தமோ மௌனமோதான் கிடைக்கும். எல்லா ஒலியையும் 48க்கு மாற்றுங்கள். கமரா 12 பிட்டில் எடுத்த கசெட்டையும் 16 பிட்டில் எடுத்த கசெட்டையும் ஒரே வேலையில் கலந்திருந்தால், இதே மாற்றம் அங்கும் வேண்டும். தொலைபேசித் துண்டுகளில் மட்டும் உதட்டசைவு மெல்ல மெல்ல விலகினால், சட்ட வேகம் நிலையாக இல்லாததே காரணம். ஒலி முற்றிலும் இல்லாமல் படம் மட்டும் வந்தால், ஏ.வி.ஐ. கோப்பின் வகையைப் பாருங்கள். முதலாம் வகையில் ஒலி படத்தோடு ஒரே ஓடையாகவும், இரண்டாம் வகையில் தனி ஓடையாகவும் இருக்கும். சில மென்பொருள்கள் ஒன்றை மட்டுமே புரிந்துகொள்ளும்.

பதிந்த கசெட்டில் கட்டங்களும் பட்டைகளும் தெரிகின்றன

பதியும்போது சிறுதிரை குறையின்றி இருந்ததே என்று பலர் வியப்பார்கள். அப்போது நீங்கள் பார்த்தது உள்ளே வரும் படம். நாடாவில் எழுதப்பட்ட படம் அல்ல. எழுதப்பட்டதை அறிய, திரும்பச் சுற்றி ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

பால் முறையில் ஒவ்வொரு சட்டமும் நாடாவில் 12 சாய்ந்த தடங்களாக எழுதப்படுகிறது. ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரோன். நிமிடத்துக்கு 9000 முறை சுழலும் உருளையிலுள்ள இரண்டு ஹெட்டுகள் அவற்றை மாறி மாறி எழுதுகின்றன. ஒரு ஹெட் அழுக்கடைந்தால், படத்தில் கிடைமட்டப் பட்டைகள் ஒன்று விட்டு ஒன்று உறைந்து நிற்கும். முன்பு நன்றாக ஓடிய பழைய கசெட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: அதிலும் பட்டை தெரிந்தால் ஹெட்டைத் துடைக்க வேண்டும், அது தெளிவாக இருந்தால் புதிய கசெட்டைச் சந்தேகியுங்கள். துடைப்பதற்கு உலர் துப்புரவுக் கசெட்டை ஏறத்தாழ 10 விநாடி மட்டும் ஓட்டுங்கள். அது மெல்லிய உப்புத்தாளின் வேலையைச் செய்வதால், பின்னோக்கிச் சுற்றுவதோ தொடர்ந்து பல முறை ஓட்டுவதோ ஹெட்டைத் தேய்த்துவிடும்.

இந்தக் கரையில் அழுக்கைவிட ஈரமே பெரிய எதிரி. உப்புவெளியில் குளிரூட்டிய மண்டபமொன்றில் இருந்த கமராவை வெளியே கடற்காற்றுக்குக் கொண்டுவந்ததும், உருளையின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. நாடா அதில் ஒட்டினால் கசங்கிச் சுருளும். திரையில் நீர்த்துளி அடையாளம் தோன்றினால் உடனே கசெட்டை வெளியே எடுத்து, கசெட் அறையைத் திறந்தபடி ஒரு மணி நேரமாவது விடுங்கள். குளிரிலிருந்து வரும் கமராவை ஒரு பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, வெளிச் சூடு அதற்கு ஏறிய பின்னர் திறந்தால் அந்த ஈரம் பையின் மேல்தான் படியும்.

60 நிமிடக் கசெட்டில் 90 நிமிடம் அடக்க எல்.பி. என்ற, நாடா மெதுவாக ஓடும் வேகத்தில் பதிய வேண்டாம். தடம் மேலும் குறுகுவதால், ஒரு கமராவில் பதிந்த எல்.பி. கசெட் இன்னொன்றில் கட்டங்களாகவே தெரியக்கூடும். பல ஆண்டு கழித்து அதை ஓட்டப் போவது இதே கமராவாக இருக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. எஸ்.பி. என்ற வழக்கமான வேகத்தில் இரண்டு கசெட்டாகப் பதியுங்கள்.

வீட்டிலிருப்பது வி.எச்.எஸ். மட்டுமே

உள்வாங்கும் வசதியுள்ள டீவீ கமரா இடையில் இருந்தால், கணினியிலிருந்து பயர்வயர் வழியே அதற்கும், அதிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள் வழியே வி.எச்.எஸ். இயந்திரத்துக்கும் படத்தை அனுப்பலாம். இயந்திரத்தை ஏ.வி. உள்ளீட்டுக்கு மாற்றாமல் அலைவரிசை ஒன்றிலேயே விட்டிருப்பதுதான் இங்கே வெறும் புள்ளித்திரை வருவதற்குப் பெரும்பாலும் காரணம். இ-180 கசெட்டில் மூன்று மணி நேரம் பதியும்.

பதிவு முடிந்ததும் கசெட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, முதல் நிமிடத்தையும் நடுவில் இரண்டு மூன்று இடங்களையும் கடைசி நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். ஒலியை ஹெட்போனில் கேளுங்கள். எல்லாம் சரியென்றால், தள்ளுகட்டையைச் 'சேவ்' பக்கம் தள்ளி, நாடா முழுவதும் ஒரு பக்கமாகச் சுற்றியிருக்கும்படி பெட்டியிலிட்டு, நிகழ்ச்சியின் பெயரையும் ஆண்டையும் 'எஸ்.பி., பால், 48 கிலோஹேர்ட்ஸ்' என்பதையும் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். கணினியிலுள்ள தொகுப்புக் கோப்பை அழிப்பது அதற்குப் பிறகுதான். அதையும், இன்னொரு கமராவில் அந்தக் கசெட் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பின்னரே செய்யுங்கள்.